மூன்று கட்டப் படங்களின் பின்பக்கம்

பத்திரிகையில் வரும் படக்கதைகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், பிடிக்காததைத்தான் முதலில் சொல்வேன். கடைசிக் கட்டத்தில் ஒருவன் கால் இரண்டும் மேலே தெரிய விழுந்து கிடப்பானே, தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்குமே, அது எனக்குப் பிடிக்காது. இங்கே சிரிக்கவும் என்று பலகை மாட்டி வைக்கிற வேலை அது. கத்தியை ஓங்கியவனின் கையை ஒரு கிழமைக்கு அந்தரத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு 'தொடரும்' என்று போடுவார்களே, அதுவும் பிடிக்காது. எனக்கு மூன்று கட்டம் போதும். மூன்றிலும் பெரிதாக எதுவும் நடக்கக் கூடாது. மூன்றாவது கட்டத்தில் யாரும் வாயே திறக்காவிட்டால் இன்னும் நல்லது.

இந்த ருசி எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த நீள வரிசை வீடுகளில், இருந்த எவருக்கும் அது கிடையாது. வரக்காப்பொலையிலிருந்து உள்ளே போகிற ஒரு றப்பர் தோட்டம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். விடியும்போதே மரத்தைக் கீறிவிட்டு வந்து, வெயில் ஏறியதும் சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு போய் நிறுத்துக் கொடுப்பார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் லயம் முழுக்க ஆட்கள் கூரைக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் எங்கள் வீட்டுப் பேப்பர்கள் காம்பரா காம்பராவாக, அறை அறையாகச் சுற்றி வரும்.

பேப்பர் என்றால் காசு கொடுத்து வாங்கிய பேப்பர் அல்ல. சாமான் சுற்றி வந்த பேப்பர். டவுனில் நாங்கள் வாடிக்கையாகச் சாமான் வாங்கியது ஒரு முஸ்லிம் கடையில். கடைக்காரரை எல்லோரும் நானா என்போம். பருப்புக்கும் கருவாட்டுக்கும் அவர் கிழிக்கிற தாளில் படக்கதை இருந்தால் நான் கல்லாப் பக்கமாக எட்டி, அதில் சுற்றுங்க நானா என்று கேட்பேன். கருவாட்டை மட்டும் அதில் சுற்ற வேண்டாம் என்றும் சொல்வேன். "ஒனக்கு பருப்பு வேணுமா, படம் வேணுமா மகள்?" என்று அவர் கேட்பார். கேட்டுக்கொண்டே நான் காட்டிய தாளை எடுத்து மடிப்பார். சில நாட்களில் எனக்கென்று ஒரு தாளை ஓரமாக எடுத்தும் வைத்திருப்பார்.

அந்தத் தாள்களில் பாதிக்கு மேல் சிங்களம். சிங்களத்தில் அப்போது படக்கதைக்கென்றே கிழமைதோறும் பேப்பர் வரும். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் காதலும் அழுகையும். இரட்டைப் பின்னல் போட்ட பெண், மோட்டார் சைக்கிளில் வரும் பையன், பெரிய வளவு வீட்டுப் பணக்காரர், ஆற்றங்கரை. லயத்துப் பெண்கள் அதற்கு உயிரையே விடுவார்கள். எனக்கு ஓரளவு வாசிக்கத் தெரியும் என்பதால் மழை நாளில் என்னை நடுவில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்வார்கள். ஒரு கதையும் எனக்குப் பிடித்ததில்லை. ஆனாலும் சொல்லிச் சொல்லியே சிங்கள எழுத்தும் பேச்சும் எனக்கு நன்றாகப் படிந்துவிட்டன. பிடிக்காத கதையைச் சொல்லிக் கற்ற பாஷை என்பதாலோ என்னவோ, இன்றைக்கும் கோபம் வந்தால் எனக்குச் சிங்களம்தான் முதலில் வரும்.

எனக்குப் பிடித்த படம் ஒரு தமிழ்த் தினசரியின் உள்பக்கத்தின் அடியில் வந்துகொண்டிருந்தது. மூன்று கட்டம். அதில் ஒருவர் எப்போதும் பனியனும் சாரமுமாக இருப்பார், வெளியே போகும்போது மட்டும் ஒரு சேர்ட்டை மாட்டிக்கொள்வார். அவருக்குப் பெயர் கிடையாது. நான் பனியன்காரர் என்று வைத்திருந்தேன். ஒரு நாள் அவர் குழாயடியில் வாளியோடு நிற்பார். தண்ணீர் சொட்டும். மூன்றாவது கட்டத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. இதை வரைந்த ஆளுக்கு என்னைத் தெரியும் போல என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மிச்சம் எங்கே என்று கேட்டார்.

என் அண்ணன் அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. எங்கள் தோட்டத்துப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், மீசை முளைத்ததும் கொழும்புக் கடை. அவனுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். அந்தக் கடையில் வருகிறவர்கள் வாசிக்க என்று அதே தினசரியை வாங்குவார்கள். இரவு கடை பூட்டும்போது அது பொதி கட்டப் போய்விடும். அதற்கு முன்னால் கல்லாவில் இருக்கும் கத்தரிக்கோலை வாங்கி, பனியன்காரரை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து வைப்பான். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வரும்போது கட்டாகக் கொண்டு வந்து என் கையில் கொடுப்பான். சட்டைத் துணியைவிட எனக்கு அதுதான் பெரிது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

அண்ணனுக்கு அந்தப் படத்தில் ஒரு மண்ணும் விளங்காது. அவனுக்குப் பிடித்தது மழைக்கோட்டுப் போட்ட துப்பறிவாளர் ஒருவர் வரும் தொடர்கதை. ஒவ்வொரு தடவை கட்டைக் கொடுக்கும்போதும் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடக்கும். "இதுல என்னாதான் இருக்கு? இவரு தண்ணி குடிக்கிறாரு. நானுந்தான் தண்ணி குடிக்கிறேன். என்னைய வெட்டி வச்சிக்க" என்பான். உன் துப்பறிவாளர் ஒரே ஆளை ஏழு மாதமாகத் துரத்துகிறாரே, அவருக்குக் கால் வலிக்காதா என்று நான் கேட்பேன். சண்டை சிரிப்பில்தான் முடியும். பிடிக்காத ஒன்றை, பிடித்த ஒருத்திக்காக ஒருவன் நாள் தவறாமல் வெட்டி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தங்கச்சிமார்களுக்கு எல்லாமே உரிமைதானே.

அந்தத் துண்டுகளின் பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் திருப்பிப் பார்த்ததே இல்லை.

யுத்தம் உச்சத்தில் இருந்த ஒரு வருடம், தைப்பொங்கலுக்கு முதல் நாள் அவன் வர வேண்டும். பின்னேரமாகியும் காணவில்லை. அதே பஸ்ஸில் வந்த மேல் லயத்து ஆள் ஒருவர்தான் வந்து சொன்னார். கண்டி ரோட்டில் செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் அடையாள அட்டையைக் காட்டி ஏறிவிட்டார்கள். அண்ணனின் பையைக் கொட்டிப் பார்த்தவர்கள் அவனை ஓரமாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் புறப்படும்போது அவன் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றானாம்.

அம்மா கத்தவில்லை. பொங்கலுக்கு ஊறவைத்திருந்த அரிசியை அப்படியே மூடி வைத்தார். அந்த நாட்களில் அப்படி நிறுத்தப்பட்டவர்களில் சிலர் அடுத்த நாள் வந்தார்கள், சிலர் மாதக் கணக்கில் வரவில்லை, எங்கே என்றே தெரியாமல் போனவர்களும் உண்டு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா மட்டும் தோட்ட ஒபிசின் பெரிய கிளாக்கர் ஐயாவின் வீட்டுக்குப் போய், இன்னாருடைய மகன், இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார்.

காலையில் கடிதத்தோடு அப்பா புறப்பட்டபோது, பிள்ளையையும் கூட்டிப் போங்க என்று அம்மா என்னைக் காட்டினார். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சந்தையில் பேரம் பேசினால் சிங்கள ஊர்க்காரர்களே அசந்துபோவார்கள். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டால் 'எஹெய் மாத்தயா' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அவர் வாயிலிருந்து வராது. எதற்கெடுத்தாலும் ஆமாம் ஐயா என்று சொன்னால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குப் பயம். எனக்கு அப்போது பதினைந்து வயது.

டவுன் பொலிஸ் நிலையத்தில் அண்ணன் உள்ளே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தான், எழும்பவில்லை. எப்போதும் நறுக்காக உடுத்துகிறவன், அன்றைக்குச் சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் எங்கள் கடை நானா நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று அவரைக் கடையிலிருந்து கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

சப்-இன்ஸ்பெக்டரின் மேசையில் பனியன்காரர் கட்டு அவிழ்த்துப் பரப்பியிருந்தது. ஆனால் பனியன்காரரைக் காணவில்லை. எல்லாத் துண்டுகளும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அந்த முதுகுகளை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். ஒன்றில் வடக்கு வரைபடத்தின் ஒரு மூலை. ஒன்றில் பீரங்கியின் பாதி. ஒன்றில் ஒரு இராணுவ அதிகாரியின் தொப்பியும் நெற்றியும், அதற்குக் கீழே ஆள் இல்லை. எங்கள் படம் வந்த பக்கத்தின் மறுபக்கம் யுத்தச் செய்திகளுக்கான பக்கம். அண்ணனின் கத்தரிக்கோல் முன்பக்கத்துக் கட்டத்தின் கோட்டைப் பார்த்து நேராகப் போயிருக்கிறது. பின்பக்கத்தில் அது எதை எதை அறுத்துக்கொண்டு போனது என்று அவனுக்கும் தெரியாது.

கொழும்பிலிருந்து வருகிற தமிழ்ப் பையன் ஒருவன், மூன்று மாத யுத்தச் செய்தியை ஒரே அளவில் நறுக்கி, கட்டிக்கொண்டு போகிறான். அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு துண்டுகளை எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்துச் சேருகிறதா என்று பார்த்தார். சேரவில்லை. நானாவிடம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். படையினர் முன்னேறி, என்று வாசித்த நானா அதோடு தாள் முடிந்துவிட்டது என்றார். அடுத்ததில் பாதி ஊரின் பெயர் இருந்தது. அதற்கடுத்ததில் மரக்கறி விலை.

நானா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார், சேர், தயவுசெய்து தாளைத் திருப்புங்கள், இது பிள்ளைகள் பார்க்கிற படம். அதை நான் நேற்றே பார்த்துவிட்டேன் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவருடைய பிரச்சினையே அதுதான். பின்பக்கம் யுத்தம், முன்பக்கம் விளங்காத படம். பகிடி என்றால் சிரிப்பு வர வேண்டும் அல்லவா? அண்ணனிடம் முதல் நாளே கேட்டிருக்கிறார்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று. அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான், எனக்கும் தெரியாது என்று. தனக்கே விளங்காத படத்தை ஒருவன் மூன்று மாதம் வெட்டிச் சேர்ப்பானா? அப்படியானால் இது யாருக்கோ கொண்டுபோகிற சங்கேதம்தானே?

யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு துண்டைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளினார். முதல் கட்டத்தில் பனியன்காரர் மழையில் குடையோடு பஸ்ஸுக்கு நிற்கிறார். இரண்டாவதில் மிதிபலகையில் ஆள் தொங்க பஸ் நிற்காமல் போகிறது. மூன்றாவதில் அவர் அதே இடத்தில் நிற்கிறார், குடை மட்டும் மற்றக் கையில் இருக்கிறது. பேச்சே இல்லை. "மேகே விஹிளுவ கோ?" என்று கேட்டார். இதில் பகிடி எங்கே என்று அர்த்தம்.

என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான், தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கிற படம் ஒன்றாவது அந்தக் கட்டில் இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். என் ருசி மற்றவர்களுடையதைப் போல இருந்திருந்தால் அண்ணன் நேற்றே வீட்டுக்கு வந்திருப்பான். பொங்கல் பொங்கியிருக்கும். பொய்யாக ஏதாவது ஒரு பகிடியைக் கட்டிச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் படத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

பகிடி இல்லை சேர் என்றேன். பிறகு சொன்னேன், "அத ரிதெனவா, சேர்." கை வலிக்கிறது.

அவர் படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. வாசலில் துவக்கோடு நின்ற கொன்ஸ்டபிள் ஒருவர், என்ன படம் என்று எட்டிப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு அத்த தமாய், உண்மைதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தார். போய் நில் என்று சப்-இன்ஸ்பெக்டர் அவரை விரட்டினார்.

அதோடு விடவில்லை. இன்னொரு துண்டை எடுத்து, மூன்றாவது கட்டத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு என் முன்னால் வைத்தார். நீதான் இதற்கு இவ்வளவு பெரிய ரசிகை என்றால் இதில் என்ன இருக்கிறது, சொல் பார்க்கலாம் என்றார். அந்தக் கட்டில் இருந்த ஒன்றையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லாம் எனக்கு வந்துகொண்டிருந்த புதுத் துண்டுகள். அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார். முதல் கட்டத்தில் பனியன்காரரின் ஒரு செருப்பு வார் அறுந்திருக்கிறது. இரண்டாவதில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்புத் தைக்கிறவரின் இடத்துக்குப் போகிறார். அங்கே வெறும் பெட்டி, ஆள் இல்லை. அதற்கு மேல் சப்-இன்ஸ்பெக்டரின் கை.

வேறு யாராவது வரைந்திருந்தால் அவர் வழுக்கி விழுவார். இல்லாவிட்டால் கோபத்தில் செருப்பை வீசுவார், அது யார் தலையிலாவது விழும். எங்கள் ஆள் அப்படிச் செய்ய மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். மற்றச் செருப்பையும் கழற்றியிருப்பார், சேர், என்றேன்.

அவர் கையை எடுத்தார். பனியன்காரர் இரண்டு செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துபோகிறார்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை வாசித்தார்கள், கொழும்புக் கடை முதலாளிக்குப் போன் போட்டார்கள், எங்களை வெளியே இருத்தினார்கள். மத்தியானம் திரும்பிய பிறகு அண்ணனை விட்டுவிட்டார்கள். அடுத்த முறை முழுப் பேப்பரையும் கொண்டு வரச் சொல் என்று சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். துண்டுகளைத் தரவில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அப்பா தோளில் கிள்ளினார். கடிதத்துக்காக விட்டார்களா, முதலாளியின் பேச்சுக்கா, என் விளக்கத்துக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடித்தார்களா என்று அம்மா கேட்டார். ஒண்ணும் நடக்கல என்றான். தண்ணீர் விழும் பீலிக்குப் போய் நெடுநேரம் குளித்தான். அடுத்த நாள்தான் பொங்கினோம், ஒரு நாள் பிந்திய பொங்கல். அதற்குப் பிறகு அவன் எனக்காக எதையும் வெட்டிக் கொண்டு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

முன்பு கொண்டு வந்த துண்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. வீட்டுக்குச் சோதனைக்கு வந்தால் அதுவும் அகப்படும். கொளுத்திவிடலாம் என்றார் அம்மா. அப்பா ஒப்பவில்லை. மகள் ஆசையாகச் சேர்த்தது என்றார். "சுவத்துல ஒட்டிட்டா முதுகு தெரியாதில்ல" என்றார். மாப் பசையில் ஒட்டினால் கரப்பான் தின்றுவிடும் என்று வாளியில் கொஞ்சம் றப்பர் பால் கொண்டு வந்து, ஒரு மழை நாள் முழுக்க உட்கார்ந்து, காம்பராவின் தடுப்புப் பலகையில் ஒவ்வொன்றாக ஒட்டினார். பனியன்காரர்கள் வரிசை வரிசையாக எங்கள் வீட்டுக்குள் நின்றார்கள். அப்பாவுக்குத் தன் வேலையில் ஒரே பெருமை. பால் எப்படிப் போகும் என்று தோட்டத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? ஆனாலும் காய்ந்த பால் நிறம் மாறும் என்பதை மறந்துவிட்டார். அடுத்த தீபாவளிக்குள் எல்லாம் மஞ்சளாகி, பிறகு தவிட்டு நிறமாகி, பிசுபிசுத்து, படத்தோடு பலகையும் ஒரே கறையாகிப் போனது. அதற்காக அவர் கவலைப்பட்டார். நான் கவலைப்படவில்லை என்று சொன்னேன், அது பொய்.

காலம் போனது. அண்ணன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். நான் படித்து ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானேன். ஆசிரியர் அறையில் தேத்தண்ணீர் நேரத்தில் கதை கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் எடுப்பேன். பகிடி விளங்காததால் அண்ணனைப் பிடித்து வைத்த கதை என்று ஆரம்பிப்பேன். சப்-இன்ஸ்பெக்டர் துண்டு பொருத்திப் பார்த்தது, நானா மரக்கறி விலை வாசித்தது, கை வலிக்கிறது, செருப்பு, முழுப் பேப்பர். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று எனக்கு அத்துப்படி. என் விளக்கத்தால்தான் விட்டார்கள் என்றும் சொல்லிக்கொள்வேன். ஒரு தடவை அண்ணன் லீவில் வந்திருந்தபோது, கலியாண வீடு ஒன்றில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான்.

பனியன்காரர் அதற்குள் நின்றுபோயிருந்தார். ஏன் நின்றார் என்று பேப்பரில் ஒரு வரி போடவில்லை. அந்த இடத்தில் தங்க நகை விளம்பரம் வந்தது. டவுனில் ஆட்கள் போன் பேசப் போகிற கொம்யூனிகேஷன் கடையில் இன்டர்நெட் வந்த பிறகு, சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் உட்கார்ந்து படக்கதை தேடுவேன். உலகத்தில் இவ்வளவு பேர் கட்டம் போட்டு வரைகிறார்களா என்று திகைத்துப்போனேன். குச்சி மனிதர்கள், பேசுகிற பல்லிகள், ஒபிசில் தூங்குகிறவர்கள். ஆங்கிலத்தை அகராதி வைத்து வாசித்தேன். என் ருசி அங்கேயும் மாறவில்லை, விழுகிறவர்களைத் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் இரண்டு விஷயம் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்று, அம்புக்குறியை அழுத்தினால் ஐந்து வருடப் படமும் ஒரே மூச்சில் வந்துவிடும். மூன்று கட்டத்தை ஒரு நாளைக்கு ஒன்றுதான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எதுவும் நடக்காமல் இருப்பது தெரியாது. மற்றது, கீழே ஆட்கள் வந்து இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள், இன்னொரு ஆள் வந்து விளக்குவார். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உன்னை யார் மேசைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள், ஏன் விளக்குகிறாய் என்று கேட்கத் தோன்றும்.

யுத்தம் முடிந்த வருடம் ஒரு தமிழ்ப் படம் அகப்பட்டது. யார் வரைந்தது என்று தெரியவில்லை. வெளிநாட்டில் வேலை செய்கிற யாரோவாக இருக்க வேண்டும். அடுக்குக் கட்டிலில் ஒருவர் போனோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட்டாச்சா என்று அந்தப் பக்கம் கேட்கிறது. ஆச்சு என்கிறார். மூன்றாவது கட்டத்தில் போன் காதில் இருக்கிறது, இரண்டு பக்கமும் பேச்சில்லை. எனக்குப் பழைய சந்தோஷம் அப்படியே வந்தது. இதாவது அண்ணனுக்கு விளங்கும் என்று நினைத்தேன். அவன் அடுத்த மாதம் லீவில் வரவிருந்தான். கொம்யூனிகேஷன் பையனிடம் சொல்லி அதைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். அத்தனை வருடம் அவனிடமிருந்து நான் வாங்கிக்கொண்டிருந்ததை, முதல் தடவையாக நான் அவனுக்குக் கொடுக்கப் போகிறேன் என்ற குஷி வேறு.

வந்தவன் பெரிய ஆளாகியிருந்தான், தலையில் நரை. கண்டி ரோட்டில் ஒரு இடத்திலும் பஸ்ஸை நிறுத்தவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். தேத்தண்ணீர் குடித்து முடிந்ததும் தாளை நீட்டினேன். படம் அவன் பக்கமாகத்தான் இருந்தது. பார்க்கவில்லை. வாங்கிய கையோடு தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதை மேலிருந்து கீழ் வரை ஒரு தரம் பார்த்தான். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தான். அதற்குப் பிறகுதான் படத்துக்கு வந்தான்.

தான் அப்படிச் செய்தது அவனுக்கே தெரியவில்லை. படத்தைப் பார்த்தான். "இதுலயும் ஒண்ணும் நடக்கலையே" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அங்கே போனதும் எனக்கு வந்த கோபத்தில் கோப்பை ஒன்று கையிலேயே உடைந்தது. அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் மீது, அவர் சிரித்த சிரிப்பின் மீது, ஒண்ணும் நடக்கல என்று அவன் சொன்னதை நாங்கள் எல்லோரும் அப்படியே நம்பிக்கொண்டது மீது. அவனோடு அந்த ஒரு நாள் எங்கெங்கெல்லாம் போயிருக்கிறது. கட்டாரில் ஒவ்வொரு காகிதத்தையும் அவன் இப்படித்தான் வாங்கியிருப்பானா? அழுகையும் வந்தது, அழுதேன்.

ஆசிரியர் அறையில் அந்தக் கதையை இப்போதும் கேட்பார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லுங்க டீச்சர், அந்தச் செருப்புக் கதை என்பார்கள். மறந்துபோச்சு என்று சொல்லிவிடுவேன்.